மாலை போட்ட பொலிஸ் ஜீப்

எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு பொலிஸ் ஜீப் நிற்கிறது. இங்கிலாந்துப் பொலிஸ்காரர் ஐம்பது வருடங்களுக்கு முன் ஓடித் திரிந்த லாண்ட் ரோவர். வெள்ளை உடம்பு, இடுப்பைச் சுற்றி அகலமான சிவப்புப் பட்டி, கூரையில் நீல விளக்கு, முன்மூடியிலும் இரண்டு கதவுகளிலும் பொலிஸ் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதை வாங்கியவளும் நான்தான், கழற்றியவளும் நான்தான், திரும்பப் பூட்டியவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கணவரின் முதுகில் தட்டிப் பாராட்டுகிறார்கள். அவருக்கு ஒயில் எந்தப் பக்கத்தால் விடுவது என்றே தெரியாது. அவரும் பாவம், மறுத்துச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பது என் தொழில். ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் வேலை. இதற்கான அவுஸ்பில்டுங்கை, அதாவது மூன்று வருடத் தொழிற்பயிற்சியை, நான் தொடங்கியபோது எனக்கு முப்பது வயது. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினேழு. எங்கள் சனம் கூடிவந்து புத்தி சொன்னது. முதியோர் இல்லத்தில் வேலை பழகலாமே, பெண்களுக்கு அது நல்லது என்றார்கள். பெண்களுக்கு நல்லது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே மற்றப் பக்கம் திரும்பி நடக்கத் தோன்றும். நடந்தேன். இன்றைக்கு அதே சனம்தான் கார்க் கதவில் ஒரு கீறல் விழுந்தால் முதலில் எனக்குப் படம் அனுப்புகிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் முன்பு இங்கிலாந்துப் படைமுகாம்கள் இருந்தன. படை திரும்பிப் போனபோது போகாமல் நின்றுவிட்ட ஒருவர் ஜெர்மன் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பழைய பண்ணையில் குடியிருந்தார். தன் நாட்டுப் பழைய பொலிஸ் வாகனங்களைத் தேடிக் கொண்டுவந்து வைத்துப் பராமரிப்பது அவருடைய பைத்தியம். அவர் செத்தபின் மனைவி எங்கள் பட்டறைக்கு வந்தார். மூன்று வாகனங்களில் இரண்டைச் சேகரிப்பாளர்கள் கொண்டுபோய்விட்டார்கள், மூன்றாவதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பழைய இரும்புக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை என்றார். என்ன செய்யலாம் என்று பார்த்துவர முதலாளி என்னை அனுப்பினார்.

வைக்கோல் போடும் கொட்டகைக்குள் அது நின்றது. கோழிகள் கூரையில் குடியேறியிருந்தன. நீல விளக்கின் மேல் எச்சம் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. நான் ஒரு சுற்று வந்தேன். இரண்டாம் சுற்றில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பட்டியைத் தடவிப் பார்த்தேன். மூன்றாம் சுற்று முடிவதற்குள் அது என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "பொலிஸ் ஜீப்போ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஓம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரோடு இருபத்தேழு வருடம் காலம் தள்ள முடிந்ததற்கு இப்படிப்பட்ட தருணங்கள்தான் காரணம்.

இரண்டரை வருடச் சனிக்கிழமைகள் அதற்குப் போயின. லாண்ட் ரோவரின் உடம்பு அலுமினியம், அது துருப்பிடிக்காது. கீழே உள்ள இரும்புச் சட்டம்தான் அரித்துப்போய் இருந்தது. அதை வெட்டி ஒட்டினேன். பிறகு பழைய பெயின்ற்றைத் தேய்த்து எடுத்தேன். அகலச் சிவப்புப் பட்டியின் பெயின்ற்றுக்கு அடியில் ஒடுக்கமான இன்னொரு சிவப்புப் பட்டி வந்தது, அதற்கும் அடியில் கடும் நீலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டைத் தேய்க்காமல் விட்டு, அளந்து, படம் எடுத்து, அதே சிவப்பை நானே கலந்தேன். ஏழு தடவை கலந்தும் பிடிபடவில்லை. எட்டாம் தடவை பழைய துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டபோது சொட்டு விழுந்த இடம் தெரியாமல் போனது. அந்தச் சந்தோசத்தை வீட்டில் யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு ஜெர்மன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்றார். அதுதான் விசயம் என்றேன்.

முப்பது வயது தாண்டிய வாகனம் பழைய அமைப்பிலேயே இருந்தால் இந்த நாட்டில் அதற்கு முடிவில் H எழுத்துப் போட்ட தனி இலக்கத்தகடு கொடுப்பார்கள். பரிசோதகர் குனிந்து, நிமிர்ந்து, விளக்குப் பிடித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றார். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். தெருவில் ஓடும்போது நீல விளக்கும் பொலிஸ் என்ற எழுத்தும் மூடியிருக்க வேண்டும். நியாயம்தான். எழுத்துகளுக்குக் காந்தத் தகடு வெட்டினேன். விளக்குக்குப் பழைய குடைத் துணியில் ஓர் உறை தைத்தேன். எந்த நிறுவனத்தின் உறை என்று அவர் விசாரித்தார். என் தையல் மெசினின் பெயரைச் சொல்லிவைத்தேன்.

பழைய பிரித்தானிய வாகனங்களின் கண்காட்சிகளுக்கு அதை ஓட்டிக்கொண்டு போவேன். அங்கே ஒவ்வொரு வாகனத்தின் கண்ணாடியிலும் ஓர் அட்டை வைக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதிரி, உரிமையாளருக்கும் வாகனத்துக்கும் என்ன கதை. மற்றவர்கள் அட்டையின் பின்பக்கமும் எழுதி நிரப்புவார்கள். என் அட்டைக்கு முன்னால்தான் சனம் கூடும். புடவை கட்டக்கூடிய ஒரு பெண், இங்கிலாந்துப் பொலிஸ் ஜீப், நடுவில் காலனி, போர், அகதி வாழ்க்கை என்று பெரிதாக ஏதோ இருக்கும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிவார்கள். நான் கதை என்ற இடத்தில், பிடித்திருந்தது என்று ஒரே சொல் எழுதியிருப்பேன். சிலருக்கு அது ஏமாற்றம். நான் என்ன செய்ய? ஓர் ஆண் பழைய வாகனத்தை வாங்கினால் அவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. கெடுத்தது நான்தான்.

H இலக்கம் வந்த கிழமை, எங்கள் ஆட்கள் புது வாகனம் எடுத்தால் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். சக்கரங்களுக்குக் கீழே நாலு தேசிக்காய் வைத்தேன். தேங்காய் உடைத்தேன். முன்மூடியில் திருநீற்றை மூன்று விரலால் இழுத்து நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு பெரிய பூமாலை. கணவர் வீடியோ எடுத்தார். தேசிக்காய் நசியும் சத்தம் கூடக் கேட்டது. அவ்வளவு வடிவாக வந்திருந்த வீடியோவை நான் ஒரு நொடியும் யோசிக்காமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தக் குழுவில் என் அண்ணையும் இருந்தார். பொலிஸ் என்ற எழுத்துக்கு மேலே மூன்று குறி திருநீறு, அதற்கு மேலே மாலை. அவர் டுசல்டோர்ஃபில் வேலை இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்திருக்கிறார்.

அண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவர். என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டவரும், என் முதல் அகதி அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பப் படிவத்தை, நிரப்பித் தந்தவரும் அவர்தான். அதற்கெல்லாம் முன்பு, யாழ்ப்பாணத்தில், அவருக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரை நிறுத்தி, சைக்கிளைத் தெருவில் விட்டுவிட்டு, ஆளை ஜீப்பில் ஏற்றினார்கள். செய்தி எங்களுக்கு அன்று இரவுதான் வந்தது. அம்மா பதினொரு நாள் பொலிஸ் நிலைய வாசலில் சோற்றுப் பார்சலோடு நின்றார். நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலுக்கு உள்ளே ஜீப்புகள் நின்றன. அங்கே பார்க்காதே, நிலத்தைப் பார் என்று அம்மா என் தலையைக் கையால் அமத்துவார். பார்சலை உள்ளே வாங்கினார்கள், அவருக்குக் கொடுத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. பன்னிரண்டாம் நாள் அண்ணை நடந்து வீட்டுக்கு வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று ஒருவருக்கும் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் நான் திருப்பிப் போட்டிருப்பேன். அது எங்கள் நாட்டுப் பொலிஸ் இல்லை, இங்கிலாந்துப் பொலிஸ் என்று தொடங்கினேன். எனக்கே அது நொண்டிச் சாட்டாகக் கேட்டது.

"எனக்குப் பொலிஸ் எண்டாப் பொலிஸ்தான்," என்றார். "அம்மாவை வாசல்லை நிக்க வைச்சவங்கடை ஜீப்புக்கு மாலை போட்டிருக்கிறாய். அது நிக்கிற வீட்டிலை நான் அம்மாவின்ரை திவசம் செய்யமாட்டன். வித்துப்போட்டுச் சொல்லு, வாறன்."

அம்மாவின் திவசம் வருடாவருடம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். கோயிலும் ஐயரும் பக்கத்தில், அண்ணையின் அடுக்குமாடி வீட்டில் ஓமப் புகை எழுந்தால் நெருப்பு எச்சரிக்கை மணி அடித்துவிடும். அம்மாவுக்கு ஒரே மகன் அவர். எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவர் அவர். திவசம் வரும் ஆவணி மாதத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது.

மாலை போட்டது பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அன்றே எழுதி அனுப்பினேன். வீடியோவையும் அழித்தேன். மாலைக்குத்தான் மன்னிப்பு, ஜீப்புக்கு இல்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். பதில் வரவில்லை. மற்ற எல்லாரிடமிருந்தும் வந்தது. ஒரு இரும்புச் சாமானுக்காகப் பெற்ற தாயைப் பட்டினி போடப் போகிறாயா என்று கனடாவிலிருந்து ஒரு பெரியம்மா கேட்டார். அது இரும்பு இல்லை, அலுமினியம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நடுநிலைக்காரர்கள் இன்னொரு வழி சொன்னார்கள். விற்க வேண்டாம், சும்மா பச்சையோ நீலமோ அடித்து எழுத்தை மறைத்துவிடு, உனக்கு அது இரண்டு நாள் வேலைதானே.

அதைக் கேட்டுத்தான் எனக்கு உச்சி வரைக்கும் கொதித்தது. எட்டுத் தடவை கலந்து பிடித்த சிவப்பு அது. அதைவிட, நான் யாரிடம் எதை மறைக்க வேண்டும்? அண்ணையை ஜீப்புக்குள் ஏற்றினார்கள், உண்மை. ஆனால் என்னை அதற்கு வெளியே நிறுத்தினார்கள். பதினொரு நாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. என் பங்கை நான் என்ன செய்ய வேண்டும் என்று கனடாவிலிருந்து யாரும் தீர்மானிக்க முடியாது. ஜீப்பின் ஒவ்வொரு ஆணியையும் என் கையால் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டியிருக்கிறேன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இனி என் தலையை யாரும் அமத்த ஏலாது, அமத்த நினைப்பது அண்ணையாக இருந்தாலும் சரி.

இப்படிச் சொல்கிறேனே தவிர, அந்த ஏழு கிழமையும் நான் நன்றாக நித்திரை கொள்ளவில்லை. அண்ணை வந்து எங்கள் மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் வராவிட்டால் அதன்பின் எங்களுக்குள் தொலைபேசியும் இருக்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஒரு திவசத்துக்கு வராதவர் பிறகு ஒரு செத்தவீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். ஒரு நாள் பட்டறையில் முகமூடியைப் போட்டுக்கொண்டு அழுதேன். பெயின்ற் அடிக்கும் அறையில் அது ஒரு வசதி.

ஐயரிடம் டெர்மின், அதாவது நாளும் நேரமும், எடுக்கும்போது நிலைமையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மருமகனைக் கொண்டு செய்யலாம் என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. அண்ணை வராவிட்டால் நானே தர்ப்பை போட்டுக்கொண்டு இருக்கிறேன் என்றேன். பெண்கள் இருக்கிற வழக்கம் இல்லையே, பிள்ளை என்றார் ஐயர்.

"வழக்கத்தை நான் பாத்துக்கொள்ளுறன், ஐயா," என்றேன். "நீங்கள் மந்திரத்தைப் பாருங்கோ."

ஐயர் மெல்லிய சிரிப்போடு சனிக்கிழமை பதினொரு மணி என்று தன் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் விடிய எழும்பிச் சமைத்தேன். அம்மாவுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பூசணிக்காய்க் கறி, உழுந்து வடை, பாயாசம். கணவர் வாழையிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பத்து மணியளவில் கறிவேப்பிலைச் சாடியில் இரண்டு கொப்பு முறிக்கலாம் என்று பின்பக்கம் வந்தேன். ஜீப்புக்குப் பக்கத்தில் அண்ணை நின்றார்.

பிராந்திய ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு பை, அதற்குள் வேட்டி மடித்திருந்தது தெரிந்தது. போன தடவை பார்த்ததைவிடத் தலை நரைத்திருந்தது. வாங்கோ என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்மூடியில் உள்ள எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஜீப்பின் திறப்பைக் கேட்டார். நான் உள்ளே போய்த் திறப்பை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறு," என்றார்.

மறுத்திருக்கலாம். சமையல் சேலையோடு ஏறினேன். உள்ளே எதிரெதிராக இரண்டு நீளப் பெஞ்சுகள். ஒன்றின் ஓரத்தில் இருந்தேன். அவர் கதவைச் சாத்தினார். அந்தக் கதவுக்கு உள்பக்கத்தில் கைபிடி கிடையாது, இங்கிலாந்துப் பொலிஸ்காரர் கழற்றியதை நானும் அப்படியே விட்டிருந்தேன். அத்தனை சனிக்கிழமைகள் அந்த ஜீப்புக்குள் ஊர்ந்து திரிந்தவள், அந்தக் கதவைப் பூட்டி ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை. அண்ணை சுற்றிவந்து வலது பக்கச் சாரதி ஆசனத்தில் ஏறினார். எங்களுக்கு நடுவில் கம்பி வலை இருந்தது. அவர் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"அண்டைக்குப் பின்னேரம் ஜீப் எங்கடை சந்தியாலைதான் போனது," என்றார். "நீ கடை வாசல்லை நிண்டனி. கையிலை ஐஸ்பழம். சிவப்பு ஐஸ்பழம். ஜீப்பைக் கண்டவுடனை சிரிச்சுக்கொண்டு கை காட்டினாய்."

அந்தச் சந்தி நினைவிருக்கிறது, அந்தக் கடை நினைவிருக்கிறது. ஜீப்பும் கை காட்டியதும் எவ்வளவு தேடியும் நினைவில் இல்லை. சின்னப் பிள்ளைகள் போகிற வாகனம் எல்லாவற்றுக்கும் கை காட்டுவார்கள். நானும் காட்டியிருப்பேன்.

"நான் ஜீப்புக்குள்ளை கீழை, தரையிலை இருந்தனான். கையைப் பின்னாலை கட்டியிருந்தவங்கள். கதவு இடைவெளிக்குள்ளாலை உன்னைக் கண்டனான். கூப்பிட்டிருந்தா ஜீப்பை உனக்குப் பக்கத்திலை நிப்பாட்டியிருப்பாங்கள். அதுதான் கூப்பிடேல்லை." இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். "உன்ரை வீடியோவைப் பாத்தபோது எனக்கு அதுதான் வந்தது. திரும்பவும் கை காட்டுறாய் எண்டு."

என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கவும் தோன்றவில்லை. நாற்பது வருடம் அவர் இதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்து வைத்திருந்திருக்கிறார். வலைக்கு அந்தப் பக்கம் அவருடைய நரைத்த பின்தலையும், அதற்கு அப்பால் எங்கள் வீட்டுக் கதவும் தெரிந்தன. அவரை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கதவுக்குக் கைபிடி இல்லை.

"இப்ப சொல்லு," என்றார். "விக்கிறியோ?"

அந்த நேரத்தில் ஓம் என்று சொல்வது எவ்வளவு லேசு. யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அதற்காகத்தான் விடியற்காலை ரயில் ஏறியிருப்பார். ஆனால் பொய் சொல்லி அவரைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. அவர் எனக்கு உண்மையைத் தந்திருந்தார்.

"அண்டைக்கு அது வடிவெண்டுதான் கை காட்டியிருப்பன், அண்ணை," என்றேன். "எனக்கு இண்டைக்கும் அது வடிவுதான். உங்களைக் கட்டினவங்களுக்காக அதை நான் விட்டுக்குடுக்கமாட்டன். விக்கமாட்டன்."

அவர் சாரதிக் கதவைத் திறந்து இறங்கினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கல்லுப் போட்ட தரையில் அவருடைய காலடி மெதுவாகப் பின்பக்கம் வந்து, நின்றது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திறப்பாரா, அப்படியே நடந்து நிலையத்துக்குப் போய்விடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. கத்திக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. வேட்டிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை என்னிடம் நீட்டினார்.

"இறங்கு," என்றார். "அம்மாவுக்கு நேரமாகுது."